லோரி மார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோரி மார் யார்?

அயர்லாந்தின் கில்கென்னி கவுண்டிக்காக (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) 1920களிலும் 1930களிலும் ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆட்டம் ஆடிய மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள வீரர். 1899ல் டுல்லரோன் என்ற கிராமப் பகுதியில் பிறந்தார், 1973ல் மறைந்தார். தொழில் விவசாயம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1932, 1933, 1935 ஆகிய மூன்று ஆண்டுகளில், கவுண்டிகள் மோதும் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார், கடைசிப் பட்டத்தின்போது அவர்தான் கேப்டன். 1984ல் நூற்றாண்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்தபோது மிட்ஃபீல்டில் அவரையும், பின்னாளில் நாட்டின் பிரதமரான கார்க் வீரர் ஜேக் லிஞ்சையும் போட்டார்கள். 2000ல் ஆயிரமாண்டு அணியைத் தேர்ந்தபோதும் அதே இருவர்தான்.

பெயரை எப்படிச் சொல்வது? Meagher என்ற எழுத்தைப் பார்த்தால் "மீகர்" என்று வருகிறதே?

நடுவில் உள்ள மெய்யெழுத்து ஒலிக்காது. "மார்" என்றோ, லேசாக மூச்சு கலந்து "மாஹர்" என்றோ சொன்னால் சரி. ஞானஸ்நானப் பெயர் லொரென்சோ, ஊரார் வாயில் அது லோரி ஆயிற்று. இதே குடும்பப் பெயரை அயர்லாந்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். பழைய பதிவுகளில் தேடுபவர்கள் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று கைவிடுகிறவர்கள் நிறைய.

டுல்லரோன் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்?

ஹர்லிங்கில் ஒரு வீரர் முதலில் தன் பாரிஷுக்கு (தேவாலயப் பங்குப் பகுதிக்கு) ஆடுவார், பிறகுதான் கவுண்டிக்கு. டுல்லரோன் கில்கென்னி நகருக்கு மேற்கே இருக்கும் விவசாயப் பகுதி. கில்கென்னி முதன்முதலாக வென்ற அகில அயர்லாந்துப் பட்டம் 1904ஆம் ஆண்டுக்கு உரியது. அன்று கவுண்டியின் பெயரில் களம் இறங்கியது டுல்லரோன் கிளப், கேப்டன் ஜெர் டோஹெனி. லோரிக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அந்த வெற்றி வாய்க்கு வாய் பேசப்பட்ட வீடுகளில்தான் அவர் வளர்ந்தார். சகோதரர்களும் ஆட்டக்காரர்கள். கிளப்புக்காக அவர் ஆடிய காலத்தில் டுல்லரோன் 1924, 1925, 1930, 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் கவுண்டிப் பட்டத்தை வென்றது.

அவருடைய தந்தை ஹென்றி, 1884 நவம்பர் 1ஆம் தேதி தர்லஸ் ஊரின் ஹேய்ஸ் ஹோட்டலில், ஹர்லிங் போன்ற அயர்லாந்து ஆட்டங்களை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்ட கூட்டத்தில் இருந்தார் என்று சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஏழு பெயர்களில் அவர் பெயர் கிடையாது. எனவே இதைக் குடும்ப வழக்காகச் சொல்லலாம், ஆவணச் செய்தியாக எழுதக் கூடாது.

ஹர்லிங் பார்த்ததே இல்லை. எதைத் தெரிந்துகொண்டால் போதும்?

ஹாக்கி பார்த்தவர்கள் ஒரே ஒரு வேறுபாட்டில் இருந்து தொடங்கலாம்: இங்கே பந்து தரையில் மட்டும் இருக்காது, இடுப்பு உயரத்திலும் தலைக்கு மேலும் பறக்கும், எந்த உயரத்திலும் மட்டையை வீசி அடிக்கலாம். அணிக்கு 15 பேர்: ஒரு கோல்கீப்பர், ஆறு தடுப்பாளர்கள், இரண்டு மிட்ஃபீல்டர்கள், ஆறு முன்னணி வீரர்கள். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் கிளப்பித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். பறந்து வருவதைக் கையால் பிடிக்கலாம். கையில் வைத்துக்கொண்டு இன்றைய விதிப்படி நான்கு காலடிக்கு மேல் நடக்கக் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமானால் பந்தை மட்டையின் தலையில் நிறுத்தி ஓடலாம்.

மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். கால்பந்து மைதானத்தைவிடப் பெரிது. மிட்ஃபீல்டர்கள் இருவர் மட்டும் என்பதை இந்த அளவோடு சேர்த்து யோசித்தால் லோரியின் வேலைச் சுமை புரியும்.

1-6, 2-5 என்று எழுதுகிறார்களே, அதை எப்படி வாசிப்பது?

முதல் எண் கோல், இரண்டாவது எண் பாயிண்ட். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் கோல், மூன்று புள்ளி. மேலே, இரு கம்பங்களுக்கு இடையே போனால் ஒரு பாயிண்ட். ஆக 1-6 என்றால் 9 புள்ளி, 2-5 என்றால் 11.

19ஆம் நூற்றாண்டு ஆட்டங்களைப் படிப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே போட்டால் தவறாகிவிடும். தொடக்கத்தில் ஒரு கோல் எத்தனை பாயிண்ட்டையும் மிஞ்சியது. 1892ல் கோலுக்கு ஐந்து பாயிண்ட் மதிப்பு வைத்தார்கள், 1896ல் அதை மூன்றாகக் குறைத்தார்கள். லோரியின் காலம் முழுவதும் மூன்றுதான், அதனால் அவர் ஆட்டங்களை இன்றைய கணக்கிலேயே வாசிக்கலாம்.

அவருக்கு முந்தைய கில்கென்னி அணி எப்படிப்பட்டது?

அசுர அணி. 1904, 1905, 1907, 1909, 1911, 1912, 1913 என்று பத்து ஆண்டுகளில் ஏழு பட்டம். சிம் வால்டன், ஜேக் ராச்ஃபோர்ட், டிக் டாயில், டிக் வால்ஷ் நால்வரும் ஏழிலும் பங்கு பெற்றவர்கள். அந்த ஏழில் ஆறு பட்டங்கள் அணிக்கு 17 பேர் ஆடிய காலத்தவை, 1913ல்தான் 15 ஆயிற்று. அதன்பின் 1922க்கு உரிய பட்டம் ஒன்று. பிறகு பத்தாண்டு வறட்சி.

லோரி வந்தது அந்த வறட்சிக்குள். முதல் ஏழெட்டு ஆண்டுகள் பட்டம் இல்லாமலேயே ஆடினார். 1926 இறுதியில் கார்க் 4-6, கில்கென்னி 2-0. அறுபது நிமிடத்தில் கில்கென்னி ஒரு பாயிண்ட் கூட அடிக்கவில்லை. அவர் பெயரைச் சொன்னதும் மூன்று பதக்கங்களை மட்டும் எண்ணுபவர்கள் இந்த ஆண்டுகளைத் தவறவிடுகிறார்கள்.

மிட்ஃபீல்டில் அவர் உண்மையில் என்ன செய்தார்?

இன்றைய மிட்ஃபீல்டர் பந்தைப் பிடிப்பார், நிதானிப்பார், சக வீரரைத் தேடிக் கொடுப்பார். லோரியின் தலைமுறை பந்தை நிற்கவே விடாது. அவருடைய கைத்திறமையாகப் பேசப்படுபவை மூன்று.

முதலாவது, அந்தரத்து அடி. தலைக்கு மேல் வரும் பந்தைக் கையால் பிடிக்காமல், வந்த வேகத்திலேயே மட்டையால் அடித்துத் திருப்பிவிடுவது. இதற்குக் கண்ணைவிடக் காலடி முக்கியம். பந்து விழும் இடத்துக்கு நேர் கீழே போய் நின்றுவிட்டால் மட்டையை வீச இடம் இருக்காது, பந்து மட்டையின் குதிகாலில் பட்டுத் தன் தலைக்குப் பின்னே போகும். அரை அடி பின்தங்கி நின்று, கை முழுதாக நீளும் புள்ளியில் பந்தைச் சந்திக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக வீசினால் பந்தின் அடியைச் சீவும், பந்து நேராக மேலே எழும்பும், எதிராளிக்கு நேரம் கிடைத்துவிடும். "கையில் பிடித்தால் என்ன?" என்று கேட்பார்கள். அன்று ஹெல்மெட் இல்லை, கையுறை இல்லை. உயர்த்திய வெறுங்கையைச் சுற்றி நாலைந்து மட்டைகள் ஒரே பந்துக்காக வீசப்படும். கையை மேலே நீட்டுவது விரல்களைப் பந்தயம் வைப்பது. ஹெல்மெட் எல்லா நிலை ஆட்டத்திலும் கட்டாயமானது 2010ல்தான்.

இரண்டாவது, தரையடி. உருண்டு வரும் பந்தை எடுக்காமல் ஓட்டத்திலேயே அடிப்பது. பார்க்க எளிதாகத் தோன்றும். பந்து முன்னங்காலுக்கு நேரே வரும்போது அடித்தால்தான் தாழ்வாகப் பறந்து போகும். காலைத் தாண்டிய பிறகு அடித்தால் ஓரமாகச் சறுக்கும். தலையை நிமிர்த்திக் கோலைப் பார்த்துவிட்டாலோ மட்டை புல்லைத்தான் வெட்டும்.

மூன்றாவது, எல்லைக்கோட்டு வெட்டு. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் கோட்டிலேயே வைத்து, கையில் எடுக்காமல், நின்ற பந்தை மட்டையால் வெட்டித் தூக்க வேண்டும். மட்டையின் முகத்தைச் சற்றே மேல்நோக்கித் திறந்து, பந்தின் அடிவயிறும் புல்லும் சேரும் இடத்தில் அடிக்க வேண்டும். கொஞ்சம் மேலே பட்டால் பந்து தரையோடு ஓடும், கீழே பட்டால் மண்தான் பறக்கும். ஹர்லிங்கின் மிகக் கடினமான அடி இதுதான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இதில் தேர்ந்த கை லோரியுடையது. எழுபது கஜ ஃப்ரீ அடிகளிலும் அவரை நம்பினார்கள். தடுப்பாளர் பந்தைத் தன் கோல் கோட்டுக்கு வெளியே தள்ளினால் அன்று 70 கஜத்திலிருந்து ஃப்ரீ அடி கிடைக்கும், இன்று அது 65 மீட்டர்.

அன்றைய மட்டை எப்படி இருந்தது?

மட்டைக்கு ஹர்லி என்றும், ஐரிஷ் மொழியில் கமான் என்றும் பெயர். ஆஷ் மரத்தில் செய்வார்கள். மரத்தின் எந்தப் பகுதியும் உதவாது. அடிமரத்தின் கீழ்ப்பகுதி, அதுவும் வேர் பக்கவாட்டில் விரியத் தொடங்கும் வளைவோடு சேர்ந்த ஒன்றரை மீட்டருக்கு உட்பட்ட பகுதி மட்டுமே வேண்டும். காரணம் மரத்தின் ரேகை. தண்டில் நேராக இறங்கும் ரேகை வேரை நோக்கித் திரும்பும் வளைவும் மட்டையின் தலை வளையும் வளைவும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அச்சுப் பலகையை ரேகையின் மேல் வைத்துப் பார்த்துக் கோடு போடுவதுதான் தச்சரின் உண்மையான வேலை. ரேகை வளையாமல் நேராகப் போய்த் தலையின் குறுக்கே முடிந்தால், முதல் மோதலிலேயே நுனி துண்டாகப் பறக்கும்.

மரச்சாறு இறங்கியிருக்கும் குளிர்காலத்தில் வெட்டி, பலகையாக அறுத்து, காற்றுப் படும்படி அடுக்கி மாதக்கணக்கில் உலர விடுவார்கள். ஈரம் மிச்சம் இருந்தால் மட்டை பின்னர் முறுக்கிக்கொள்ளும், அதிகமாகக் காய்ந்தால் நொறுங்கும். தலையின் விளிம்பில் தகரப் பட்டி அடித்துப் பிளவைத் தடுப்பார்கள். ஆளி விதை எண்ணெய் தடவி வைப்பது பழைய பழக்கம்.

லோரி காலத்து மட்டையின் தலை இன்றையதைவிட ஒடுக்கம். தரையடிக்கும் அந்தரத்து அடிக்கும் அது நன்றாக உதவும், பந்தை மேலே நிறுத்தி ஓட உதவாது. இன்று 13 சென்டிமீட்டர் வரை அகலம் அனுமதி உண்டு, அகன்ற தலையால் பந்தைக் கட்டுப்படுத்தும் ஆட்டமே வளர்ந்திருக்கிறது. அவருடைய ஆட்டத்தை இன்றைய வீரர்களோடு ஒப்பிடுபவர்கள் இந்த மரத்துண்டின் வடிவத்தில் இருந்து தொடங்கினால் பாதிச் சண்டை தீரும்.

பந்து?

எழுத்துக்கூட்டலைப் பார்த்து "ஸ்லியோடார்" என்று படிக்கத் தோன்றும், சொல்வது "ஸ்லிட்டர்". உள்ளே தக்கை, மேலே இரண்டு தோல் துண்டுகள், தைத்த இடத்தில் மேடான விளிம்பு. இன்றைய விதியில் விட்டம் 69 முதல் 72 மில்லிமீட்டர், எடை 110 முதல் 120 கிராம். பழைய தோல் பந்து மழையில் நீர் குடித்து எடை கூடும், தூரம் குறையும். அதனால் மழை நாள் ஆட்டத்தின் குறைந்த ஸ்கோரைப் பார்த்து வீரர்களைக் குறை சொல்லக் கூடாது.

1931ல் என்ன நடந்தது? எல்லோரும் அதையே பேசுகிறார்களே?

லோரியின் வாழ்க்கையில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும். கில்கென்னியும் கார்க்கும் ஒரே பட்டத்துக்காக மூன்று முறை மோதின, மூன்றும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில்.

செப்டம்பர் 6, முதல் ஆட்டம்: 1-6க்கு 1-6. கார்க் கேப்டன் யூடி காக்லன் கடைசி நேரத்தில் மண்டியிட்ட நிலையிலேயே பந்தை அடித்துச் சமன் செய்தார் என்று சொல்வார்கள்.

அக்டோபர் 11, மறு ஆட்டம்: 2-5க்கு 2-5. மீண்டும் சமன். வெற்றியாளரைத் தீர்மானிக்காமல் இரு கவுண்டிகளுக்கும் பட்டத்தைப் பகிர்ந்து கொடுத்துவிடலாம் என்ற யோசனை கூட எழுந்தது, ஏற்கப்படவில்லை.

நவம்பர் 1, இரண்டாம் மறு ஆட்டம்: கார்க் 5-8, கில்கென்னி 3-4. புள்ளியில் 23க்கு 13.

லோரி அந்த மூன்றாவது ஆட்டத்தில் இல்லை. மறு ஆட்டத்தில் விலா எலும்புகள் முறிந்திருந்தன. முறிந்த விலா ஓரளவு கூட ஆறு வாரம் கேட்கும், அவருக்குக் கிடைத்தது 21 நாள். ஓடுவது ஒருபுறம் இருக்கட்டும், ஹர்லிங்கில் ஒவ்வொரு அடியும் இடுப்புக்கு மேலே உடம்பை முறுக்கித்தான் வரும், ஆழமாக மூச்சு இழுத்தாலே குத்தும் விலாவோடு அது நடக்காது. அவர் வெளியே உட்கார்ந்து கண்ணீரோடு பார்த்தார் என்று சொல்கிறார்கள். அவர் இருந்திருந்தால் கில்கென்னி வென்றிருக்குமா என்பதற்குப் பத்துப் புள்ளி இடைவெளியே ஒரு பதில், இரண்டு முறை அதே அணியைக் கார்க் தாண்ட முடியாமல் திணறியது இன்னொரு பதில். எங்கள் கணிப்பு: வெற்றி உறுதியில்லை, இவ்வளவு பெரிய தோல்வி நடந்திராது.

அந்த மூன்று ஆட்டங்கள் விளையாட்டையே மாற்றின என்பது மிகையா?

இல்லை. முதல் ஆட்டத்துக்குச் சுமார் 26,000 பேர், மறு ஆட்டத்துக்கு 33,000, மூன்றாவதற்கு ஏறத்தாழ 32,000. முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், செப்டம்பர் 5 அன்று, ஐரிஷ் பிரஸ் என்ற புதிய நாளிதழ் வெளிவந்தது. கேலிக் விளையாட்டுகளுக்கு அதுவரை கிடைக்காத இடத்தை அது கொடுத்தது, மற்ற நாளிதழ்களும் போட்டிக்காகப் பக்கத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் நீண்ட ஒரே கதை பத்திரிகைக்கு வாய்த்தது பெரிய விஷயம். 1935 இறுதிக்கு 46,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

பிறகு பட்டங்கள் எப்படி வந்தன?

1932: கில்கென்னி 3-3, கிளேர் 2-3. பத்தாண்டு வறட்சி தீர்ந்தது.

1933: கில்கென்னி 1-7, லிமரிக் 0-6. அந்த ஒரு கோலை அடித்தவர் ஜானி டன்.

1935: கில்கென்னி 2-5, லிமரிக் 2-4. கொட்டும் மழை. எதிரே நட்சத்திர வீரர் மிக் மேக்கியின் லிமரிக், அந்தக் காலத்தின் மிகப் பலமான அணிகளில் ஒன்று. லோரிக்கு 36 வயது இருக்கும், கேப்டன். நனைந்து கனத்த பந்தையும் வழுக்கும் புல்லையும் வைத்து, வேகம் குறைந்த கால்களோடு நடுக்களத்தை ஆள்வதற்கு இடம் தெரிந்து நிற்கும் புத்தி வேண்டும். அவருடைய ஆட்டங்களில் உச்சம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். ஒரு புள்ளியில் வென்றார்கள்.

அடுத்த ஆண்டே லிமரிக் 5-6க்கு 1-5 என்று பழி தீர்த்தது. 1937ல் குரோக் பார்க்கில் க்யூசாக் ஸ்டாண்ட் என்ற பார்வையாளர் மாடத்தின் கட்டுமானம் முடியாததால் இறுதி கில்லார்னி ஊருக்குப் போனது, அங்கே டிப்பரரி 3-11, கில்கென்னி 0-3. அத்தோடு அந்த அணியின் காலம் முடிந்தது.

சம்பளம் வாங்கினாரா?

இல்லை. கேலிக் விளையாட்டுகள் அன்றும் இன்றும் சம்பளம் இல்லாதவை. வாரம் முழுவதும் வயல் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். இதோடு ஒரு தடையும் இருந்தது: கால்பந்து, ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் போன்ற "அந்நிய" ஆட்டங்களை ஆடினாலோ, போய்ப் பார்த்தாலோ கூடச் சங்கத்திலிருந்து நீக்குவார்கள். அந்தத் தடை 1971 வரை நீடித்தது.

அவருடைய பேட்டிகள் ஏன் கிடைப்பதில்லை?

கூச்ச சுபாவம். புகழைக் கண்டால் விலகிப் போகிறவர். வீடு தேடி வந்த பத்திரிகைக்காரர் வழியில் அவரிடமே "லோரி மார் வீடு எது?" என்று கேட்க, அவர் வேறு பக்கம் கைகாட்டி அனுப்பினார் என்ற கதை கில்கென்னியில் பிரசித்தம். அது நடந்ததோ இல்லையோ, அவரைத் தெரிந்தவர்கள் அதை நம்பினார்கள். அவர் வாயால் சொன்னது என்று இணையத்தில் உலவும் வாசகங்களைச் சரிபார்க்காமல் பகிர வேண்டாம்.

இந்தக் காலத்து வீரர் ஒருவரைப் பற்றி நானே ஆராய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இரண்டையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கவுண்டி, பிறகு ஊர், பிறகு வீடு என்று இறங்கிப் பாருங்கள். நேரடியாகப் பெயரைப் போட்டுத் தேடினால், கையெழுத்தைத் தவறாகப் படித்துப் பதிவேற்றிய பெயர்கள் சிக்காது. வயதை அப்படியே நம்பாதீர்கள், ஒன்றிரண்டு ஆண்டு பிசகுவது சகஜம். பிறந்த தேதிக்குச் சிவில் பிறப்புப் பதிவைப் பாருங்கள், அயர்லாந்தில் அது 1864ல் தொடங்கியது. அதிலும் தாமதமாகப் பதிந்த குடும்பங்கள் அபராதத்துக்குப் பயந்து தேதியைத் தள்ளிச் சொல்வது உண்டு, எனவே தேவாலய ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது செய்தித்தாள். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பட்டத்தின் ஆண்டும் ஆட்டம் நடந்த ஆண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. 1904ஆம் ஆண்டின் இறுதி ஆட்டம் நடந்தது 1906 ஜூன் 24 அன்று, கேரிக்-ஆன்-ஷூர் ஊரில். 1904 செப்டம்பர் இதழ்களைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. 1907 இறுதி 1908 ஜூனில் நடந்தது. 1905 பட்டம் இன்னும் சிக்கல்: முதல் ஆட்டத்தில் கார்க் வென்றது, வீரர்களின் தகுதி பற்றி இரு தரப்பும் ஆட்சேபித்தன, மீண்டும் ஆடியதில் கில்கென்னி வென்றது. முதல் அறிக்கையை மட்டும் படித்தவர் தவறான சாம்பியனை எழுதிவிடுவார். 1911 இறுதியில் ஆட லிமரிக் மறுத்துவிட்டது, பட்டம் கில்கென்னிக்குப் போனது.

பழைய அறிக்கைகளில் யார் அடித்த கோல் என்பதும் அடிக்கடி முரண்படும். ஒரே ஆட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பத்திரிகைகள், முடிந்தால் இரு கவுண்டிகளில் இருந்தும் ஒவ்வொன்று, பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். கில்கென்னிக்கு 1892 முதல் வெளிவரும் கில்கென்னி பீப்பிள் நல்ல தொடக்கம்.

அவர் நினைவாக இன்று என்ன இருக்கிறது?

டுல்லரோனில் அவர் வாழ்ந்த கூரை வேய்ந்த வீடு நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது, கில்கென்னி ஹர்லிங் அருங்காட்சியகமும் அங்கேதான். நகரிலிருந்து தள்ளி இருப்பதால், திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

2009 முதல் லோரி மார் கோப்பை என்று ஒரு போட்டி நடக்கிறது. ஹர்லிங் வேரூன்றாத, பலம் குறைந்த கவுண்டிகளுக்கான போட்டி அது. கில்கென்னி அதில் ஆடுவதில்லை. பெயரைப் பார்த்துவிட்டு அதை முதல்நிலைப் பட்டம் என்று எண்ணுபவர்கள் உண்டு. முதல்நிலைச் சாம்பியனுக்குத் தரப்படுவது லியம் மெக்கார்த்தி கோப்பை, 1935 செப்டம்பர் 1ஆம் தேதி மழையில் நனைந்தபடி லோரி வாங்கியது அதைத்தான்.